குடிநோயிலிருந்து மீள்பவர் தமக்கேற்ற ஏ.ஏ. கூட்டத்தை எப்படிக் கண்டுகொள்வது?

அமராவதிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். நாற்பதை நெருங்கும் வயது. நூற்பாலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். குடியை நிறுத்துவதற்காகச் சிகிச்சை மையம் ஒன்றில் உள்நோயாளியாகத் தங்கிவிட்டு, சென்ற மாதம் வீடு திரும்பினேன். மாத்திரைகளை விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்) எனப்படும், குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. கூட்டங்களுக்குத் தவறாமல் போக வேண்டும் என்று அங்கிருந்த ஆலோசகர் சொல்லி அனுப்பினார். ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் நாள்களில் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்துவிட்டு, மாலையைக் கழற்றியதும் மறுபடி தொடங்குவதுதான் என் வழக்கமாக இருந்தது. ஆகவே, விரதத்தால் மட்டும் இது நிற்காது என்பதும், வேறு ஏதோ ஒரு துணை வேண்டும் என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்து ஊரில் நடக்கும் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். தேவாலய வளாகத்தில் உள்ள ஒரு சிறிய கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பத்துப் பேர் அளவில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிரார்த்தனையோடு தொடங்கினார்கள். பெரியவர் ஒருவர் நெடுநேரம் பேசினார். எனக்கு வாய் திறக்க வரவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. எங்கள் ஊர்க் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவர் அங்கே இருந்தார் என்பதைக் கண்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒருவர், "மாத்திரை எல்லாம் எதற்கு? கூட்டத்துக்கு வந்தாலே போதும்" என்றார். தேவாலயத்தில் நடந்தது என்று கேள்விப்பட்ட என் தாயார், மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்.

இந்தக் கூட்டம் எனக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடலாமா, அல்லது வேறு ஊரில் வேறு கூட்டத்தைத் தேட வேண்டுமா? தேடுவதென்றால் எதை வைத்து நல்ல கூட்டம் என்று தீர்மானிப்பது? இணையவழிக் கூட்டம் மட்டும் போதுமா? என் மனைவியும் உடன் வர விரும்புகிறார், அழைத்துப் போகலாமா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரவு எட்டரைக்குக் கூட்டம் முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்துக்கு எதிரிலேயே டாஸ்மாக் கடை இருக்கிறது. அது பத்து மணிவரை திறந்திருக்கும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நொய்யல்

தம்பி, முதலில் உங்கள் தாயாரின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் அது தீராவிட்டால் நீங்கள் நிம்மதியாகக் கூட்டத்துக்குப் போக முடியாது. ஏ.ஏ. எந்த மதத்தையும், எந்தக் கட்சியையும், எந்த நிறுவனத்தையும் சார்ந்ததன்று. மாலையில் காலியாகக் கிடக்கும், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள, குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் கூடம் எதுவோ அதைத்தான் குழுக்கள் எடுக்கின்றன. அது பெரும்பாலும் தேவாலயக் கூடமாகவோ பள்ளி அறையாகவோ அமைந்துவிடுகிறது. அந்த வாடகையையும் தேநீர்ச் செலவையும் உறுப்பினர்கள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். வெளியாரிடமிருந்து நன்கொடை வாங்குவதில்லை என்பது, குழுக்கள் பின்பற்றும் பன்னிரண்டு மரபுகள் எனப்படும் நெறிகளில் ஏழாவது. உறுப்பினராவதற்குத் தேவையான ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். இது மூன்றாவது மரபு. சாதி, மதம், சந்தா எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். அம்மாவைத் திறந்த கூட்டம் ஒன்றுக்கு ஒருமுறை அழைத்துப் போனால் அவரே பார்த்துக்கொள்வார்.

திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தினர், மாணவர்கள், மருத்துவர்கள் என யாரும் வந்து உட்காரலாம். மூடிய கூட்டத்தில் குடிப்பழக்கத்தால் அவதிப்படுபவர்கள் மட்டுமே இருப்பார்கள். ஒருவர் தம் கதையை முழுமையாகச் சொல்லும் கூட்டங்கள் உண்டு. குடியிலிருந்து மீள்வதற்கு ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசும் கூட்டங்கள் உண்டு. அமைப்பின் அடிப்படை நூலைப் பத்தி பத்தியாக வாசித்துப் பேசும் கூட்டங்களும் உண்டு. இவற்றில் எதற்குப் போகிறீர்கள் என்று தெரியாமல் போனால், ஒரு வகையைப் பார்த்துவிட்டு ஏ.ஏ. என்பதே இதுதான் என்று நினைத்துவிடுவீர்கள். நான்காவது மரபின்படி ஒவ்வொரு குழுவும் தன் காரியங்களைத் தானே முடிவு செய்துகொள்கிறது. அதனால் ஒரு குழுவின் சாயல் இன்னொன்றில் இருக்காது. பெரியவர் ஒருவர் நெடுநேரம் பேசிய அந்த மாலையை வைத்து அந்தக் குழுவையே எடை போட்டுவிட வேண்டாம் என்பேன். அடுத்த வாரம் வேறொருவர் கூட்டத்தை நடத்தக்கூடும். அதே சமயம், பொறுத்துப் பார்த்தும் மனம் ஒட்டவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போவதில் எந்தத் தவறும் இல்லை, யாரும் வருத்தப்படவும் மாட்டார்கள்.

நான் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கோவையில் கூட்டங்களுக்குப் போகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: குழுவின் தரம் பிரார்த்தனையிலோ கூடத்திலோ தெரியாது, கூட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். நாற்காலிகளை அடுக்கும்போது புதிதாக வந்தவரிடம் யாராவது வந்து பேசுகிறார்களா, தொலைபேசி எண்ணைக் கொடுத்து "எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்" என்கிறார்களா என்று கவனியுங்கள். பல்லாண்டுகள் குடிக்காமல் இருப்பவர்களும் சென்ற வாரம் வந்தவர்களும் கலந்து இருக்கிறார்களா, பேசும் நேரம் எல்லாருக்கும் கிடைக்கிறதா, ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே அறிவுரை சொல்லாமல் கேட்கிறார்களா, பொறுப்புகள் சுழற்சியில் மாறுகின்றனவா என்பதையும் பாருங்கள். யாராவது கடன் கேட்டாலோ, தம் சொந்தச் சிகிச்சை மையத்துக்கு ஆள் சேர்த்தாலோ, உங்கள் வீட்டு விஷயத்தில் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டாலோ அந்த மனிதரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

மளிகைக்கடைக்காரரைப் பற்றி: அவரும் அந்த வட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அல்லவா? பெயர் வெளியிடாமை என்பது அமைப்பின் பெயரிலேயே இருக்கிறது. அவருக்கும் அது தேவை. ஆனாலும் முதல் சில மாதங்களுக்கு உங்கள் ஊரிலிருந்து தள்ளிப் போனால்தான் பேச வருகிறது என்றால், வார இறுதியில் கோவைக்கு வாருங்கள். உடுமலைப் பேருந்துகள் உக்கடத்துக்கு வந்து சேருவதால் அங்கிருந்து நகரின் எந்தப் பக்கமும் போகலாம். ஏ.ஏ.வின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டப் பட்டியலும் தொடர்பு எண்களும் உள்ளன. இடமும் நேரமும் மாறக்கூடும் என்பதால், கிளம்பும் முன் ஒருமுறை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். அழைக்கும்போதே, புதிதாக வருகிறேன், பேருந்து நிலையத்தில் யாராவது சந்திக்க முடியுமா என்று கேளுங்கள். திரும்பும்போதும் பேருந்து ஏறும்வரை உடன் நிற்கச் சொல்லுங்கள். டாஸ்மாக் எதிரே தனியாக நிற்பதும், இன்னொரு குடிநோயாளியோடு பேசிக்கொண்டு நிற்பதும் முற்றிலும் வேறு வேறு.

சமூகப்பணியாளர் (மனநலப் பிரிவு)

மேலே சொன்னதில் மாத்திரை பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஆனால் இதுதான் மிகவும் அவசரமானது. தயவுசெய்து யார் சொல்லியும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். உறுப்பினர் எவரும் மருத்துவராகச் செயல்படக் கூடாது என்று ஏ.ஏ.வே தன் வெளியீட்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்களிடம் அப்படிச் சொன்னவர் தம் சொந்தக் கருத்தைச் சொன்னாரே தவிர, அமைப்பின் கருத்தைச் சொல்லவில்லை.

உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பது என்ன மருந்து என்று நீங்கள் குறிப்பிடவில்லை. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை குடிக்கும் வேட்கையைக் குறைப்பதற்காகத் தரப்படுபவை. டைசல்ஃபிரம் அப்படிப்பட்டதன்று; அதை எடுத்துக்கொள்பவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கலாம். மருந்தை நிறுத்திய பின்னும் இரண்டு வாரங்கள்வரை இந்த விளைவு நீடிக்கக்கூடும். அதனால் சில இருமல் மருந்துகள், வாய் கொப்பளிக்கும் திரவங்கள், நம் வீடுகளில் சாதாரணமாகக் குடிக்கும் தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் ஆகியவற்றில்கூட ஆல்கஹால் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கணவருக்குத் தெரியாமல் இந்த மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்து கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதை இதைப் படிக்கும் குடும்பத்தினர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒருவேளை மறுபடி குடிக்கத் தொடங்கி, அது நாள்தோறும் என்று ஆகிவிட்டால், கூட்டத்துக்குப் போகும் உற்சாகத்தில் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்த முயல வேண்டாம். நெடுநாள் அதிகம் குடித்தவருக்கு நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கமும், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், அதற்கடுத்த நாள்களில் நினைவு குழம்பி இல்லாத உருவங்கள் தெரியும் நிலையும் வரலாம். அதை மருத்துவமனையில் மருந்துகளோடும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் கவனித்துக் கடக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை கிடைக்கும். இரவு நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446.

பகுத்தறிவு வாசகன்

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆகவே, பன்னிரண்டு படிகளில் கடவுளைப் பற்றிய வரிகளைக் கேட்டபோது நான் எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்து இந்த அமைப்பைத் தொடங்கியபோது அது ஒரு கிறித்தவ இயக்கத்தின் சூழலிலிருந்துதான் வந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1939இல் அடிப்படை நூல் அச்சேறியபோதே, நம்பிக்கையற்ற உறுப்பினர்களின் வற்புறுத்தலால், கடவுள் என்ற இடத்தில் "நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில்" என்ற சேர்க்கை வந்துவிட்டது. என்னைவிட மேலான சக்தி என்று அவர்கள் சொல்லும் இடத்தில், குடிக்காமல் இருக்கத் தெரிந்த அந்தக் குழுவையே நான் வைத்துக்கொண்டேன். பிரார்த்தனையின்போது மௌனமாக நிற்கிறேன். இதுவரை ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

இதெல்லாம் வெறும் மன ஆறுதல்தானே என்ற ஐயம் எனக்கு இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு அதைக் கொஞ்சம் மாற்றியது. 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளோடு அது பரிசீலித்திருந்தது. ஏ.ஏ.வுக்குப் போகுமாறு முறையாக ஊக்குவிக்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு மற்ற முறைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்பதும், குடியின் அளவு குறைவது போன்ற பிற பலன்களில் ஏறக்குறைய அவற்றுக்கு இணையாக இருக்கிறது என்பதும் அதன் முடிவு. ஆங்கிலம் தடையாக இல்லாதவர்களுக்கு, 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி என்ற வேறொரு வழியும் உண்டு; அதில் கடவுள் பேச்சே இல்லை, எண்ணங்களையும் வேட்கையையும் கையாளும் உளவியல் பயிற்சிகள்தான் நடக்கும். அதன் கூட்டங்களில் இணையவழியில் கலந்துகொள்ளலாம்.

இணையவழிக் கூட்டம் மட்டும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கொரோனா காலத்தில் எல்லாமே கைப்பேசிக்கு மாறியபோது அது என்னைக் காப்பாற்றியது என்பது உண்மை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கேமராவை அணைத்துவிட்டுக் கேட்பேன். ஆனால் கேமராவை அணைத்துவிட்டால் அன்று நான் குடித்திருக்கிறேனா என்பது யாருக்கும் தெரியாது. அந்த வசதிதான் அதன் குறையும். வேலை நாள்களில் இணையவழி, வார இறுதியில் நேரில் என்று வைத்துக்கொள்வது உங்கள் பேருந்துப் பிரச்சினைக்கும் தீர்வாகும் என்று நினைக்கிறேன்.

வாசல் கோலம்

சகோதரரே, உங்கள் மனைவி உடன் வர விரும்புகிறார் என்று எழுதியிருந்தீர்கள். திறந்த கூட்டத்துக்கு அவசியம் அழைத்துப் போங்கள். ஆனால் மூடிய கூட்டத்துக்கு நீங்கள் தனியாகப் போவதுதான் முறை. மனைவி பக்கத்தில் இருந்தால், அவர் வருத்தப்படுவாரே என்று நீங்கள் பாதியை விழுங்கிவிடுவீர்கள்.

அவருக்கென்று தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது. அதைப் பற்றி ஆண்கள் யாரும் வீட்டில் சொல்வதில்லை. குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காக 1951இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அல்-அனான் குழுக்கள் நம் ஊர்களிலும் நடக்கின்றன. என் கணவர் மீண்டுகொண்டிருந்த முதல் ஆண்டில், அவர் வீட்டுக்கு வந்ததும் வாயை முகர்ந்து பார்ப்பதும், சட்டைப் பையைத் துழாவுவதும், பத்து நிமிடம் தாமதமானால் நண்பர்களுக்கெல்லாம் தொலைபேசி செய்வதுமாகவே என் பொழுது போயிற்று. அவர் குடியை விட்டுவிட்டார், நான் காவலை விடவில்லை. அவரது குடிக்கு நான் காரணமும் இல்லை, அதை என்னால் கட்டுப்படுத்தவும் முடியாது என்பதை அல்-அனானில் என்னைப் போன்ற பெண்கள் நடுவில் உட்கார்ந்துதான் ஏற்றுக்கொண்டேன். அதன் பிறகே இரவில் தூக்கம் வந்தது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடியால் கணவரை இழந்த பின் 1980இல் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிநோய் என்பது குடும்பத்தையே பாதிக்கும் நோய் என்று கொண்டு, நோயாளியோடு குடும்பத்தினருக்கும் அங்கே சிகிச்சை தருகிறார்கள். உங்கள் சிகிச்சை மையத்திலும் குடும்பத்தினருக்கான சந்திப்பு நாள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெண்கள் இரவில் தனியாகப் போய்வருவது நம் சிற்றூர்களில் கடினம். உங்கள் மனைவி போக விரும்பினால், அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாட்டை நீங்கள் பார்த்துக்கொள்வது பெரிய உதவியாக இருக்கும்.

தாமிரபரணி

இடையில் வேறொரு கேள்வியைக் கேட்பதற்கு மன்னிக்கவும். இங்கே எழுதியவர்கள் எல்லாரும் ஆண்களின் குடியைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். என் அக்காவுக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. வீட்டில் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். ஆண்கள் நிறைந்த கூடத்துக்கு அவர் ஒருநாளும் வர மாட்டார். அவருக்கு என்ன வழி?

குறிஞ்சி

தாமிரபரணி, நான் குடியிலிருந்து மீண்டுவரும் ஒரு பெண். உங்கள் அக்காவைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வெளியில் தெரியாத அளவுக்கு மறைக்கக் கற்றுக்கொண்டதால்தான் சிகிச்சைக்கு மிகவும் தாமதமாக வந்து சேருகிறோம். அந்தத் தாமதம் ஆபத்தானது. பெண்ணின் உடலில் நீரின் விகிதம் குறைவு என்பதால் அதே அளவு மது ரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது; கல்லீரலும் ஆண்களைவிட விரைவில் கெடுகிறது. எனவே, கூட்டத்தைத் தேடுவதற்கு முன் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

ஏ.ஏ. தொடர்பு எண்ணில் அழைக்கும்போது, பெண் உறுப்பினர் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். உடனே இணைக்க முடியாவிட்டாலும், திரும்ப அழைக்க ஏற்பாடு செய்யச் சொல்லலாம். அக்காவின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்கு மட்டுமான இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. முதலில் அதில் கேட்பவராக மட்டும் இருக்கலாம். அதன் பிறகு நேரில் போக மனம் வந்தால், வேறொரு பெண்ணோடு சேர்ந்து போக வேண்டும். ஏ.ஏ.வில் வழிகாட்டியாக இருக்கும் ஸ்பான்சர், பெண்ணுக்குப் பெண்ணாகவும் ஆணுக்கு ஆணாகவும் இருப்பதுதான் வழக்கம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தனியாக இருக்கும் பெண்ணுக்கு உதவுகிறேன் என்று முன்வரும் ஆண் உறுப்பினர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "ஒரு பெண்ணின் எண்ணைக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

அமராவதிக்கரை

எல்லாருக்கும் நன்றி. இன்று ஏ.ஏ. தொடர்பு எண்ணில் பேசினேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கோவையில் ஒரு திறந்த கூட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். உக்கடத்தில் ஒருவர் வந்து அழைத்துப் போவதாக உறுதியளித்திருக்கிறார். மனைவியும் அம்மாவும் வருகிறார்கள். மாத்திரைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், டைசல்ஃபிரம்தான். அலமாரியில் இருந்த அரிஷ்டப் பாட்டிலை மனைவி எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். சமூகப்பணியாளருக்கு ஒரு கேள்வி: மருந்து தீர இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, சிகிச்சை மையம் வரை போக விடுப்பு கிடைக்காது. அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் இதே மருந்தைத் தொடர முடியுமா?

சமூகப்பணியாளர் (மனநலப் பிரிவு)

முடியும். சிகிச்சை மையத்தில் கொடுத்த விடுவிப்புக் குறிப்பையும் பழைய மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு, மருந்து தீருவதற்கு மூன்று நான்கு நாள்களுக்கு முன்பே மனநல மருத்துவரைப் பாருங்கள். எல்லா மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர் தினமும் இருப்பதில்லை. எந்தக் கிழமை வருவார் என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. டைசல்ஃபிரம் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனை இடையிடையே தேவை. கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்பது குறிப்பில் இல்லாவிட்டால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.